நான் திருத்திய சுறா

தோழிகளே, நம் வாட்ஸ்அப் குழுவில் இத்தனை நீளமாக எழுதினால் நீங்கள் யாரும் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும். பாதிப் பேர் முதல் வரியைப் பார்த்துவிட்டுக் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். போங்கள், தடுக்கவில்லை. நாங்குநேரியில் இருக்கும் ஒருத்தி மட்டும் கடைசிவரை படித்தால் போதும். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்மேல் உங்கள் எல்லோருக்கும் ஒரு கடுப்பு உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சிவப்பு மை கையை விட்டுப் போனாலும் புத்தியை விட்டுப் போகவில்லை. பிறந்தநாளுக்கு யாராவது ‘வாழ்த்துக்கள்’ என்று போட்டால், கீழே நான் வந்து ‘வாழ்த்துகள் என்பதே சரி, க் வராது’ என்று எழுதுவேன். ரோஜாப்பூவும் சூரியனும் கோப்பையுமாகக் காலையில் நீங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, ‘வாய் இல்லையா? நாலு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?’ என்று கேட்டவளும் நான்தான். நம்மில் வங்கியில் வேலை பார்த்தவள் என்னைத் தலைமையாசிரியை என்றே கூப்பிடுகிறாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாங்குநேரிக்காரி நம் பாளையங்கோட்டைப் பள்ளி விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாய், வகுப்பில் பக்கத்து இருக்கை. அவள் இந்தக் குழுவில் ஒருநாளும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. தினமும் காலையில் ஒரே படம்தான். அவள் வீட்டுப் பின்வாசல் கைப்பிடிச் சுவரின்மேல் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் காப்பி. ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் வீட்டுக்காரருக்கு. மழையானாலும் வெயிலானாலும் அந்தச் சுவரும் அந்த இரண்டு டம்ளர்களும்தான். போன மாதம் இரண்டு வாரம் படம் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம். பிறகு ஒருநாள் படம் வந்தது. சுவரின்மேல் ஒரே ஒரு டம்ளர்.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ‘ஒரு டம்ளரை விட்டுவிட்டாய், ஒரு மதிப்பெண் குறைத்தாயிற்று’ என்று எழுதினேன். அதோடு விட்டேனா? பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து, ‘இதுதான் சரியான விடை’ என்று அவளுக்குத் திருப்பிப் போட்டேன். நாலைந்து பேர் சிரிக்கும் முகங்களைப் போட்டீர்கள். இரண்டு நாள் கழித்து வங்கிக்காரி போன் செய்து, அவள் வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது என்று சொன்னாள். நம்மிடம் வாயால் சொல்ல முடியாமல் அவள் அந்தப் படத்தில் சொல்லியிருக்கிறாள். நான் அதில் பிழை திருத்தியிருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் ஒரு காரணம். இதே தப்பை இதே மாதிரி நான் முன்பே ஒருமுறை செய்திருக்கிறேன் என்பது இன்னொரு காரணம். அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டுக்கு வெளியே இதுவரை நான் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

உங்களையெல்லாம் பார்ப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, புன்னக்காயலில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ‘நீங்க பாளையங்கோட்டையில குளிச்ச தண்ணிதான் எங்க ஊருக்கு வருது’ என்று விடுதியில் உங்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேனே, அந்த ஊர். ஆறு வந்து கடலில் விழுகிற இடம். வீட்டிலிருந்து ஒரு பக்கம் போனால் கால் நனைகிற தண்ணீர் சப்பென்று இருக்கும், இன்னொரு பக்கம் போனால் உப்புக் கரிக்கும். பள்ளிக்கூடம், மாதா கோயில், மணல். எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் பாவாடையில் மீன் செதில் ஒட்டியிருக்கும்.

அப்பா தோணியில் வேலை பார்த்தார். தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற ஓடம் இல்லை. பாய் கட்டி ஓடும் பெரிய சரக்குக் கப்பல். தூத்துக்குடியில் ஏறினால் கொச்சி, மங்களூர், பம்பாய் என்று மேற்குக் கரையிலேயே சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு கிடக்கும். மேற்குக் கரையில் மழை ஓய்ந்து, ஆகஸ்ட் கடைசியில் புறப்பட்டால் ஈஸ்டரை ஒட்டித்தான் திரும்பி வரும். அத்தனை மாதமும் எங்களுக்கும் அப்பாவுக்கும் இடையில் இருந்தது நீல நிற இன்லண்ட் கடிதம்தான்.

அப்பாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. இந்தப் பக்கம் எழுதுகிறவள் நான். அந்தப் பக்கம் படிக்கிறவர் தண்டல். தோணியை நடத்துகிற தலைவரைத் தண்டல் என்பார்கள். அவர் ஒருவருக்குத்தான் எழுத்துத் தெரியும். கடிதக் கட்டு வந்ததும் எல்லோரையும் பாய்மரத்தடியில் உட்காரவைத்து, ஒவ்வொரு கடிதமாக உரக்கப் படிப்பாராம். யார் வீட்டுச் சேதியாக இருந்தாலும் எட்டுப் பேர் காதிலும் விழும். அதனால் எங்கள் அம்மா கடிதத்தில் என்னை எழுதச் சொன்னது எப்போதும் ஒன்றுதான்.

“இங்கன எல்லாரும் சொகம், அங்கன சொகத்துக்கு எழுதச் சொல்லுன்னு எழுது.”

“வேற?”

“வேற என்னத்த எழுத? எட்டுத் தடிமாடுக கேக்கும். இங்க கொண்டா.”

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். படகு கட்டும் ஆசாரியை எங்கள் ஊரில் ஓடாவி என்போம். ஓர் ஓடாவி விட்டுப்போன சிவப்புப் பட்டைப் பென்சில் ஒன்று அம்மாவிடம் இருந்தது. பட்டாணிக் கடலை நீளம்தான் மிச்சம் இருக்கும் என்று நான் கேலி செய்வேன். அதை நாக்கில் தொட்டுத் தொட்டு, நான் எழுதியதற்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில் படம் போடுவாள். அதுதான் உண்மையான கடிதம்.

அம்மா கருவாட்டுப் பெட்டி சுமந்து விற்கிறவள். பத்துப் பதினைந்து பெண்களின் ஓலைப்பெட்டிகள் ஒரே பஸ்ஸின் கூரையில் ஏறும். எது யாருடையது என்று தெரிவதற்கு ஆளுக்கோர் அடையாளம் தாரில் வரைந்திருப்பார்கள். ஒருத்திக்கு நண்டு, ஒருத்திக்கு நங்கூரம். எங்கள் அம்மாவுக்குச் சுறா. கையெடுக்காமல் ஒரே இழுப்பில் முதுகு, துடுப்பு, வால், வயிறு என்று கொண்டுவந்து முடிப்பாள். கண் மட்டும் வைக்கமாட்டாள். பெட்டி அடையாளத்துக்கு எதற்குக் கண்? கடிதத்திலும் முதலில் அந்தச் சுறாவைப் போட்டால், அது அவள் பேசுகிறாள் என்று அர்த்தம். பிறகு கூரையிலிருந்து விழுந்த ஓலை, குட்டி போட்ட ஆடு, இரட்டைச் சடை போட்ட நான்.

அப்பாவின் பதிலும் அப்படித்தான். மேலே தண்டலின் கையெழுத்தில் ‘நலம், நலமறிய ஆவல், ஆண்டவர் கிருபையால் பயணம் இனிதே நடக்கிறது’ என்று அச்சடித்த மாதிரி நாலு வரி. அதே நாலு வரிதான் எட்டு வீட்டுக்கும் போகும். கீழே அப்பாவின் படம். ஒருமுறை தண்டல் நலம் என்று எழுதியிருந்தார், அப்பா ஒரு கால் பருத்த மனிதனை வரைந்திருந்தார். நான் நலம் என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “கால்ல என்னத்தயோ போட்டுக்கிட்டாரு” என்று எழுந்து மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏற்றப் போய்விட்டாள். அப்பா ஊர் திரும்பியபோது பார்த்தோம். கால் கட்டைவிரலில் நகம் இல்லை.

எனக்கு இந்தப் படங்கள் பிடிக்காது. உண்மையைச் சொல்கிறேனே, எனக்கு வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டியில் முதலாவதாக வந்ததற்கு டீச்சர் எனக்கு ஒரு மைப்பேனா பரிசு கொடுத்திருந்தார். பச்சை நிறம், மூடியில் பொன்னிற வளையம், உள்ளே நீல மை. சக மாணவிகளின் சிலேட்டுகளைத் திருத்துகிற பொறுப்பையும் என்னிடம் விட்டிருந்தார். விட்டுப்போன கொம்பையும் புள்ளியையும் கண்டுபிடித்துப் போடுவதில் எனக்கு இருந்த சந்தோஷம் பலகாரம் தின்பதில்கூட இருந்ததில்லை. அப்படிப்பட்டவளுடைய அழகான கையெழுத்துக்குக் கீழே கண் இல்லாத ஒரு மீன். தண்டல் பார்த்தால் என்ன நினைப்பார் என்று கவலைப்பட்டேன். அப்பா என்ன நினைப்பார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த வருஷம் அப்பா போய் இரண்டு மாதம் இருக்கும். அம்மா வழக்கமான சுறாவை வரைந்தாள். பிறகு அதன் வயிற்றுக்குள் இன்னொரு குட்டிச் சுறாவை வரைந்தாள். வரைந்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு முந்தானையால் வாயை மூடினாள். சுறா முட்டை போடாது, குட்டிதான் போடும் என்பது எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் சட்டென்று புரிந்துவிட்டது.

“எம்மா, தம்பியா?”

“சத்தம் போடாத, ஏட்டி. ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கும்.”

பதில் பதினைந்து நாளில் வந்தது. மேலே நலம், நலமறிய ஆவல். கீழே ஒரு பெரிய தோணி, அதன் பின்னால் கயிறு கட்டி ஒரு சின்னத் தோணி. அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவின் சுறாவுக்குள் குட்டி இருந்தது. முறைக்கு முறை கொஞ்சம் பெரிதாகவும் வரைந்தாள். கொத்தனார் மாதிரி நானும் பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் வாலு வை” என்று மேற்பார்வை பார்த்தேன்.

கிறிஸ்மஸ் முடிந்த வாரம் அம்மாவைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பாவின் அக்கா வந்து என்னைப் பார்த்துக்கொண்டாள். ஐந்தாறு நாளில் அம்மா திரும்பி வந்தாள். உதடு வெளுத்து, பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. இன்றைக்கு உங்களிடம் இப்படி ஒரே வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு இந்த ஒரு வரியை எனக்குச் சொல்ல அந்த ஊரில் ஒரு பெரியவருக்கும் தோன்றவில்லை.

“அத்தை, அம்மாவுக்கு என்ன?”

“காச்சல்.”

“தம்பி எப்ப வருவான்?”

“வருவான், வருவான். நீ வாய மூடிக்கிட்டுப் பள்ளிக்கொடத்துக்குப் போ.”

அத்தை கெட்டவள் இல்லை. பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசக்கூடாது என்று நினைத்தாள். நினைத்ததில் அன்பு இருந்தது. ஆனால் அந்த ‘வருவான்’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான் பிறகு நான் எல்லாவற்றையும் செய்தேன்.

அம்மா கொஞ்சம் தேறியதும் கடிதம் எழுதக் கூப்பிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல, “இங்கன எல்லாரும் சொகம்னு எழுது” என்றாள். எழுதினேன். கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சுறாவை வரைந்தாள். ஒரே இழுப்பில் வருகிற படம் அன்றைக்கு மூன்று இடத்தில் நின்று நின்று வந்தது. வயிற்றுக்குள் ஒன்றும் வரையவில்லை. வேறு படமும் போடவில்லை. “கொண்டு போய்ப் பெட்டியில போடு, ஏட்டி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தபால் பெட்டி மாதா கோயில் முக்கில் இருந்தது. ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஒருமுறை சரிபார்த்தேன். நான் சரிபார்க்காமல் எதை விட்டேன்? எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. படத்தில் குட்டியைக் காணோம். காய்ச்சலில் அம்மா மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்படியே போனால் அப்பா பயந்துபோவாரே என்று பதறினேன். பச்சைப் பேனாவைத் திறந்து, கோயில் படியில் கடிதத்தை வைத்து, அந்த வயிற்றுக்குள் ஒரு குட்டிச் சுறாவை வரைந்தேன். எங்கள் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி நன்றாக வரைந்தேன். செவுள் போட்டேன். வாலைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். வட்டமாக ஒரு கண் வைத்து, அதற்கு இமைமுடியும் வைத்தேன். சுறாவுக்கு எங்கே இமைமுடி? எனக்கு வரப்போகிற தம்பிக்கு இருக்கும் என்று வைத்தேன்.

தோழிகளே, வகுப்பறையில் அத்தனை வருஷம் இலக்கணம் நடத்தியவளுக்கு இதை யோசித்துப் பார்க்க இத்தனை வயதாகிவிட்டது. எழுத்தில் ‘இல்லை’ என்று ஒரு சொல் இருக்கிறது. மூன்று எழுத்து, பத்து வயதுப் பிள்ளையும் எழுதிவிடும். படத்தில் அப்படி ஒன்று கிடையாது. இல்லை என்பதை யாராலும் வரைய முடியாது. வழக்கமாக வரைகிற ஒன்றை வரையாமல் விடத்தான் முடியும். அந்த மூன்று எழுத்தை என்னிடம் சொல்லி, நான் எழுதி, தண்டல் உரக்கப் படித்து, எட்டுப் பேர் ‘உச்’ கொட்ட, அதற்கு நடுவில் அப்பா உட்கார்ந்திருக்கக்கூடாது என்று அம்மா நினைத்தாள். அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓர் இடத்தைக் காலியாக விட்டாள். எனக்குக் காலியிடம் என்றால் பிழை. கோடிட்ட இடத்தை நிரப்புக என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கடிதம் போன பிறகு அம்மா தினமும் பஸ் வரும் நேரத்துக்கு வாசலில் வந்து நின்றாள். “பாத்ததும் வந்துருவாரு, மைனி. தண்டல்ட்ட சொல்லிட்டு ரயிலப் புடிச்சாவது வந்துருவாரு” என்று அத்தையிடம் சொல்வாள். அப்பாவின் அக்காவை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வாரம் பஸ்ஸைப் பார்த்தாள். பஸ்ஸில் அப்பா வரவில்லை. தபால்காரர் வந்தார்.

பெரிய தோணி. பின்னால் சின்னத் தோணி. இந்த முறை சின்னத் தோணியில் பாய் கட்டி, திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரி கொடித் தோரணமும் கட்டியிருந்தார் அப்பா.

அம்மா அதைப் பார்த்தபடியே நின்றாள். அழவில்லை. அத்தையிடம் நீட்டினாள். “பாருங்க மைனி, ஒங்க தம்பிய. நான் இங்கன செத்துப் பொழச்சு வந்து கெடக்கேன், அவரு கொடி கட்டி அனுப்புதாரு.” அத்தை என்னவோ சமாதானம் சொன்னாள். “கல்லு. கல்லு மனசு” என்று மட்டும் அம்மா சொன்னாள். தலையணைக்கு அடியில் இருந்த பழைய கடிதங்களையும் எடுத்து, எல்லாவற்றையும் அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டாள்.

அம்மா எதற்குக் கோபப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. படம் அழகாகத்தானே இருந்தது? அதன்பிறகு அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கவே இல்லை. “சொகம்னு எழுதிப் போடு” என்பதோடு சரி. சிவப்புப் பென்சில் எங்கே போனதென்று தெரியவில்லை. கீழே இருந்த வெற்றிடத்தையும் நானே எழுதி நிரப்பினேன். பள்ளிக்கூடத்தில் படித்த வாக்கியங்களை எல்லாம் போட்டு, வானிலை, அறுவடை, கோயில் திருப்பணி என்று கட்டுரை மாதிரி எழுதினேன். கடைசியில் எங்கள் வீட்டிலும் ஒழுங்கான கடிதம் போகிறது என்று பெருமையாக இருந்தது. என் தாயும் தகப்பனும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குத் தெரியவே இல்லை.

ஈஸ்டருக்கு நாலு நாள் முன்பு, மத்தியான பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். தோளில் தகரப்பெட்டி. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டு வாசலில் அம்மா நின்றாள். அப்பாவின் கண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டார்.

“என்னளா? எங்க?”

“தெரியாத மாரி கேக்கிய” என்றாள் அம்மா. குரலில் அத்தனை மாதக் கசப்பும் இருந்தது. “நான்தான் அப்பவே சொன்னேம்லா.”

“என்னத்த சொன்ன?”

“படம் போட்டு அனுப்பினேம்லா. பாத்துட்டுத்தான கொடி கட்டினிய?”

அப்பா தகரப்பெட்டியைக் கீழே வைத்தார். சட்டையின் உள்பையிலிருந்து எண்ணெய்த்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதற்குள் அந்த நீலக் கடிதம். மடித்த இடமெல்லாம் நைந்துபோகும் அளவுக்குப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். “இந்தா, நீ போட்ட படம். பாரு” என்று நீட்டினார். அதைச் சொல்லும்போதே அவர் வாய் கோணிக்கொண்டது.

அம்மா வாங்கிப் பார்த்தாள். சிவப்புப் பென்சிலில் சுறா. வயிற்றுக்குள் நீல மையில், செவுளும் கண்ணும் இமைமுடியும் வைத்த ஒரு குட்டி. அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பச்சைப் பேனா அப்போதும் என் சட்டைப் பையில் குத்தியிருந்தது. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை, தம்பி இல்லை, அம்மா மறக்கவும் இல்லை.

அவள் என்னை அடித்திருக்கலாம். ‘இவதான்’ என்று ஒரு விரலை நீட்டியிருந்தாலே போதும். கடிதத்தை மெதுவாக மடித்தாள்.

“நான்தான் போட்டேன்” என்று அப்பாவிடம் சொன்னாள். “வெறும் வயிறா அனுப்ப மனசு வரல. போட்டுட்டேன். பொறவு அத மறந்து ஒங்கள வைதுட்டேன்.”

அப்பா தகரப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா பக்கத்தில் போய் நின்று அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் பார்க்கிறேன் என்று அவர்கள் விலகவில்லை. பெட்டிக்குள் பம்பாயில் வாங்கிய இரண்டு சின்னச் சட்டைகளும் பவுடர் டின்னும் கிலுகிலுப்பையும் இருந்தன. ஓலையில் சுற்றி உப்பிட்ட பால்சுறாத் துண்டுகளும் இருந்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். புன்னக்காயலில் கிடைக்காத சுறாவா? அங்கிருந்து அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார் அந்த மனிதர். சட்டைகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. கிலுகிலுப்பை கொஞ்சநாள் ஜன்னலில் கிடந்தது, பிறகு எங்கே போனதோ தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போல முள் எடுத்து என் தட்டில் மீன் வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டை விடுதிக்கு வந்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் மீன் போட்டால் நான் அழுவதாக நீங்கள் கேலி செய்வீர்கள், ஞாபகம் இருக்கிறதா? வீட்டு ஞாபகம் என்று நினைத்தீர்கள்.

அப்பா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா வெறும் வயிற்றை அனுப்ப மனம் வராமல் குட்டியை வரைந்தாள் என்று நம்பியபடியே போய்ச் சேர்ந்தார். அம்மா கடைசிக்காலத்தில் என்னோடு இங்கே பாளையங்கோட்டையில் இருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுடைய ஓலைப்பெட்டியைத் துடைத்து வைக்கும்போது, சேலைக்கு அடியில் அதே எண்ணெய்த்தாள் பொட்டலம் இருந்தது. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “எம்மா, இந்தக் குட்டிய வரைஞ்சது நாந்தான்” என்றேன்.

“தெரியாமலா இருந்தேன்? மைப்பேனா வீட்டுல வேற யாருட்ட இருந்துச்சு?”

“பின்ன ஏன் அப்பாட்ட சொல்லல?”

“சொன்னா? போன பிள்ளைக்கி அழுதவரு இருக்குத பிள்ளைய வெறுத்துருப்பாரு.”

“நீ வெறுக்கலியாம்மா?”

அவள் கடிதத்தை வாங்கிப் பிரித்தாள். கண்புரையால் அவளுக்குப் பாதிதான் தெரியும். கடிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரலால் அந்த நீலக் குட்டியைத் தொட்டாள்.

“கண்ணு வச்சிருக்க, பாரு” என்றாள். “நான் ஒண்ணுத்துக்கும் கண்ணு வச்சதில்ல. இத எப்படித் தூரப் போட? அந்தப் பிள்ளைக்கி வேற படம் ஏது?”

என் அம்மா அப்படி மன்னிக்கத் தெரிந்தவள். எல்லோருக்கும் அப்படி ஓர் ஆள் வாய்க்காது. அதனால் அவள் மன்னித்ததைக் காட்டி நான் உன்னிடம் சலுகை கேட்கவில்லை, நாங்குநேரிக்காரி. நீ அந்த ஒற்றை டம்ளரை எத்தனை நாள் யோசித்துச் சுவரில் வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் போனில் என் படம், நான் போட்ட அந்த இரண்டு டம்ளர், இன்னும் இருக்கும். அதை நீ வைத்துக்கொள்வாயோ அழித்துவிடுவாயோ, இனி நான் திருத்தமாட்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நாங்குநேரி வருகிறேன். காப்பி போடும்போது எனக்கும் கொஞ்சம் சேர்த்துப் போடு. உன் டம்ளரை வழக்கம்போல அந்தச் சுவரின்மேல் வை. எனக்குக் கொடுப்பதை நான் சுவரில் வைக்கமாட்டேன். குடித்து முடிக்கும்வரை கையிலேயே வைத்துக்கொள்கிறேன்.